ஒரு கண் போதும்

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பெண்களை முகத்தை வைத்து அடையாளம் காண்கிற வழக்கமே இல்லை. செருப்பை வைத்துத்தான். மூன்று வெள்ளைத் துப்பட்டி வரிசையாகத் தெருவில் போனால், திண்ணையில் கோலி உருட்டிக்கொண்டிருக்கிற பொடியன்கூடச் சொல்லிவிடுவான்: முன்னால் போவது ரங்கூன்காரர் வீட்டு மாமி, தோல் செருப்பு, அதற்குப் பின்னால் அவர் மருமகள், நீல வார் வைத்த சிங்கப்பூர் ரப்பர் செருப்பு, கடைசியில் இடது காலை இழுத்து இழுத்து வைத்துப் போவது எங்கள் நன்னி, அதாவது பாட்டி. மறைப்பதற்கென்றே போட்ட துணி. ஆனாலும் யார் எந்த வீட்டுக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், திரும்பும்போது கையில் என்ன தூக்குச்சட்டி இருந்தது என்பதெல்லாம் அஸர் பாங்குக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

தஞ்சை டெல்டாவில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற ராவுத்தர் ஊர் எங்களுடையது. ஆண்கள் பாதிப்பேர் சபுராளிகள். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கடையில் நின்றுவிட்டு மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். வந்தால் வாசனை சோப்பு, பிஸ்கட் டின், கைலி, கோடாலித் தைலம். ஊரில் இருந்து ஊரை நடத்தியதெல்லாம் பெண்கள்தான். நிலத்துக் குத்தகை, கல்யாணப் பேச்சு, மணியார்டர், வழக்கு எல்லாம் துப்பட்டிக்குள்ளிருந்தே நடந்தன. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு "பாவம், வாயில்லாப் பூச்சிகள்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் நன்னியிடம் நெல் விலை பேசிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகள் துப்பட்டி என்றால் சுடிதாரின் மேல்துணி என்று நினைக்கிறார்கள். அது வேறு. இது புடவைக்கு மேல் தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொள்கிற வெள்ளைப் பருத்தித் துணி. தையல் கிடையாது, பொத்தான் கிடையாது, கரை கிடையாது. நடுவைத் தலையில் போட்டு, வலது முனையை இடப்பக்கம் கொண்டுபோய்க் கையிடுக்கில் செருகி, இடது ஓரத்தைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தால் ஒரு கண் மட்டும் வெளியே தெரியும். அந்த ஒரு கண்ணுக்கு வழி, குழி, சைக்கிள், எதிரே வரும் மைத்துனர் எல்லாம் தெரிந்தாக வேண்டும். இரண்டு கையிலும் சாமான் இருந்தால் துப்பட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். நன்னியின் துப்பட்டிகளில் எல்லாம் ஓரிடத்தில் வெற்றிலைக் காவி இருக்கும். நீலமும் கஞ்சியும் போட்டு வெளுத்துக் கொண்டுவருகிற சலவைக்காரர், "ஆத்தா, இந்தக் கறையை மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒவ்வொரு முறையும் அதே மாதிரிச் சொல்வார். நன்னியும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரிக் கூலியில் குறைப்பார்.

அந்தத் துப்பட்டி மார்க்கம் சொன்னது என்றுதான் சிறு வயதில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். கொஞ்சம் வளர்ந்து கண்ணைத் திறந்து பார்த்தபோது அதில் வேறொரு கணக்கும் இருந்தது. எங்கள் தெருவில் வீடு வீடாக இடியாப்பம் விற்றுக்கொண்டு வந்த பாத்திமா அக்காவுக்குத் துப்பட்டி கிடையாது. புடவைத் தலைப்புத்தான் முக்காடு. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தக் கையால் எந்த ஓரத்தைப் பிடிப்பது? அவரும் ஐந்து வேளை தொழுதவர்தான், நோன்பு விட்டதில்லை. ஆனால் அவரை யாரும் "ஏன் மூடவில்லை" என்று கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்குக்கூட அவர் யாருக்கும் பொருட்டில்லை. நாலு காசு சேர்ந்து, மகன் மலேயாவுக்குப் போய் முதல் மணியார்டர் வந்த மாதம், அவர் முதல் காரியமாக ஒரு துப்பட்டி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு பெரிய தெரு வழியாக நடந்தார். அன்று அவர் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அசீரியச் சட்டத்திலேயே இது இருக்கிறது. குடும்பப் பெண் தலையை மூட வேண்டும். அடிமைப் பெண்ணும் விலைமகளும் மூடக் கூடாது. மீறி மூடிக்கொண்ட விலைமகளுக்கு ஐம்பது அடி, தலையில் கீல் ஊற்றுவது. இஸ்லாம் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால்! நமக்குப் பக்கத்திலும் பார்க்கலாம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ளப் பல ஆண்டுகள் அடிபட்டு மிதிபட்டு, 1859-ல்தான் மகாராஜா அரசாணை போட்டு அனுமதித்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால். எந்தப் பெண் எதை மூடலாம் என்று முடிவு செய்வதில் நம் ஆட்களுக்கு எப்போதும் ஒரு தனி ருசி உண்டு.

துப்பட்டியின் பயன்களில் ஹஜரத்துகள் சொல்லாத ஒன்றை நான் நேரில் கண்டவள். 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்திருந்த சமயம். பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸில் ஓடியது. சினிமா ஹராம் என்று ஜும்ஆவில் பயான் செய்திருந்தார்கள். நன்னி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் சாயங்காலம் "ஒரு துக்க வீட்டுக்குப் போய்ட்டு வாறேன்" என்று துப்பட்டியைப் போட்டார். துணைக்கு நான், பத்து வயது. மாட்டு வண்டியில் போய்ப் பெண்கள் பக்கம் மணல் தரையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு துப்பட்டி வந்து உட்கார்ந்தது. நன்னியின் ஒரு கண் அதன் காலைப் பார்த்தது. அதன் ஒரு கண் நன்னியின் காலைப் பார்த்தது. பள்ளிவாசல் முத்தவல்லி வீட்டு அம்மா! இரண்டு பேரும் படம் முடிகிற வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் முத்தவல்லி வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய வட்டிலப்பம் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நன்னி ஒன்றும் பேசாமல் வந்தார். "படம் பிடிக்கலையா நன்னி?" என்றேன். "சிங்கப்பூரெல்லாம் காட்டுவாங்கன்னு சொன்னாளுவ. உங்க நன்னா கடை இருக்குற தெரு வருதான்னு பாத்தேன். வரல," என்றார். நன்னா அந்த ஊரில் முப்பது வருஷம் போல இருந்தவர். நன்னி அதைத் திரையில்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

துப்பட்டிக்குள் இருப்பவளுக்கு உலகம் தெரியாது என்பது வெளியே இருப்பவர்களின் நம்பிக்கை. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்று நாவல் எழுதி வெளியிட்டது 1938-ல். உ.வே.சா. அதைப் படித்துப் பாராட்டினார். அதே வேளையில், மறைப்பெல்லாம் சினிமாக் கொட்டகைக்குப் போய்வர உதவிய சுகமான போர்வை என்று நான் சொன்னால் அதுவும் பொய். வயசான நன்னிக்கு அது போர்வை, வயசுக்கு வந்த பேத்திக்குப் பூட்டு. துவரங்குறிச்சியில் தோழிகளோடு ஒரு படம் பார்த்துவிட்டு வந்ததற்காகப் பள்ளிப் படிப்பை இழந்து, வீட்டுக்குள் அடைபட்ட கதையைக் கவிஞர் சல்மா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. அவர் பேரூராட்சித் தலைவராகவும் இருந்தார், இப்போது மாநிலங்களவையில் இருக்கிறார். எங்கள் தெருவில் அவர் மாதிரி அடைக்கப்பட்ட பெண்கள் பலர். அவர்கள் நாவல் எழுதவில்லை, மாநிலங்களவைக்கும் போகவில்லை. அடுத்த தலைமுறையின் மாமியார்கள் ஆனார்கள்.

எண்பதுகளில் சபுரின் திசை கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியது. மலேயா போய் சவுதி வந்தது. பிஸ்கட் டின் போய் டேப் ரெக்கார்டர் வந்தது. ரியாத்திலிருந்து வந்த என் மாமா, பெட்டியைத் திறந்து முதலில் பேரீச்சம்பழம், பிறகு ஸம்ஸம் தண்ணீர், அதற்குப் பிறகு பாலிதீன் உறையைப் பிரித்துக் கறுப்பாக ஒன்றை எடுத்தார். நன்னி, யாருக்கோ மவுத்துச் செய்தி வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

"இதுதாம்மா சரியான பர்தா. துப்பட்டியில வெயில் பட்டா உடம்பு நிழலாத் தெரியுது," என்றார் மாமா.

"எனக்கு எழுவது வயசாச்சு. இத்தனை நாளு தெரியாத உடம்பு, நீ சவுதிக்குப் போன பொறவுதான் தெரியுதா?" என்றார் நன்னி.

மாமா விடவில்லை. அரபு நாட்டில் எல்லோரும் இப்படித்தான் என்றார். அங்கே வீட்டில், காரில், கடையில் எல்லாம் ஏசி என்பதையும் அவரேதான் சொன்னார். சித்திரை வெயிலில், மின்சாரம் போன மத்தியானத்தில், பாலியஸ்டரில் கறுப்பு உடுத்துவது என்னவென்று மாமாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் வெள்ளைக் கைலியும் முண்டா பனியனும் போட்டுக்கொண்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

நன்னி கடைசி வரை வெள்ளையை விடவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் தெரு முழுக்கக் கறுப்பாகிவிட்டது. வெள்ளைத் துப்பட்டியைப் "பழைய காலத்துப் பழக்கம், மார்க்கம் தெரியாத காலம்" என்று சொன்ன அதே மேடைகளில், கறுப்பு ஆதிகாலத்திலிருந்தே இருந்தது போலப் பேசினார்கள். இப்போது கடைத்தெருவில் பர்தாவுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. கல் வைத்தது, சரிகை வைத்தது, பட்டாம்பூச்சிக் கை, துபாய் மாடல், துருக்கி மாடல். கவனத்தை ஈர்க்காமல் இருப்பதற்கான உடையில் எது அதிகம் எடுப்பாக இருக்கிறது என்று கண்ணாடி முன் நின்று தேர்வு நடக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நன்னியும் துப்பட்டிக்கு அத்தர் பூசாமல் வெளியே கிளம்பியதில்லை.

நன்னி ஹஜ்ஜுக்குப் போனது பம்பாயிலிருந்து 'அக்பர்' கப்பலில். திரும்பி வந்து அவர் சொன்னதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது கப்பல் வாந்தியும் இஹ்ராம் சட்டமும்தான். இஹ்ராம் கட்டிய பெண் நிகாப் போடக் கூடாது, கையுறை போடக் கூடாது என்பது நபிமொழி. உலகத்து ஆண்களெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வலம் வருகிற இடத்தில் பெண்ணின் முகம் திறந்திருக்க வேண்டும். "அங்கே தொறந்து வச்சா அல்லாவுக்குப் பொருத்தம். இங்க சந்தைக்குப் போவ மூடணும். நான் ஹஜரத்துக்கிட்ட கேட்டேன்," என்றார் நன்னி. ஹஜரத் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "உக்காந்து விளக்கமாச் சொன்னாரு, பாவம், நல்ல மனுசன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்தேன். சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் குடித்தனம். எதிர் போர்ஷனில் ஒரு மார்வாடிக் குடும்பம். அந்த வீட்டு மருமகள் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். காலையில் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் முகத்தில் துணியே இல்லாமல், இடுப்பில் கையை ஊன்றி, வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் போட்டுக் கத்திக் கத்திப் பேரம் பேசுவாள். உள்ளேயிருந்து மாமனார் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டால் போதும், புடவைத் தலைப்பு சர்ரென்று நெற்றியிலிருந்து மோவாய் வரை இறங்கிவிடும். காய்கறிக்காரர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். அவருக்காக இறங்காத கூங்கட், வீட்டுப் பெரியவருக்காக இறங்கும்.

என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்த நன்னி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "என்னடி கூத்து இது! அந்நிய ஆம்பளைக்கு மூஞ்சியக் காட்டுறா, பெத்த தகப்பன் மாதிரி இருக்குற மாமனாருக்கு மூடுறா?" அந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. நன்னி வீட்டுக்குள் என் மாமனார் எதிரே சாதாரணமாக உட்கார்ந்து வெற்றிலை போடுவதையும், குப்பை போட வாசலுக்குப் போகக்கூடத் துப்பட்டி தேடுவதையும் பார்த்து என்னிடம் கேட்டாள்: "சம்பந்தி வீட்டு ஆம்பளை முன்னாடி வெட்கமே இல்லையா உங்க பாட்டிக்கு? குப்பைக்காரன்கிட்ட என்ன வெட்கம்?" இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். துலுக்கர் என்றால் உருது தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். நன்னிக்குத் தமிழ் தெரியும், அரபுத்தமிழ் படிக்கத் தெரியும், உருதுவில் ஒரு சொல் தெரியாது.

ஒருவருக்கு வெளியாள்தான் ஆபத்து, வீடு பத்திரம். இன்னொருவருக்கு வெளியாள் கணக்கிலேயே இல்லை; புகுந்த வீட்டில் தன் இடம் எது என்று தலைப்பை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வடக்கே ராஜஸ்தான், ஹரியானா கிராமங்களில் இன்றும் இந்தக் கணக்குத்தான். பிறந்த ஊருக்குப் போனால் முகம் திறந்துவிடும். புகுந்த ஊர் எல்லை வந்ததும் மூடிவிடும். ஒரே சந்தில் எதிரெதிர் வாசலில் இருந்த இந்த இரண்டு முகமூடிகளில் ஒன்று மட்டும் பிற்பாடு தேசியப் பிரச்சினை ஆனது. அவள் கூங்கட்டை எடுக்கச் சொல்லி எந்தக் கல்லூரி வாசலிலும் யாரும் கோஷம் போட்டதில்லை.

தலைமைத் தேர்தல் ஆணையராகச் சேஷன் வந்தார். 1993-ல் தொடங்கி வாக்காளர்களுக்குப் புகைப்பட அட்டை என்றார்கள். எங்கள் ஊரில் ஜமாஅத் கூடி, பெண்களைப் படமெடுக்கலாமா கூடாதா என்று மூன்று வெள்ளிக்கிழமை விவாதித்தது. கடைசியில் எடுக்கலாம், ஆனால் ஆண்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று முடிவானது. படமெடுக்க வந்தவர் ஆண் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கறுப்புத் துணி கட்டி, ஸ்டூல் போட்டிருந்தார்கள். நன்னி போய் உட்கார்ந்தார். "பாட்டி, கொஞ்சம் துணிய வெலக்குங்க." ஒரு விரல் விலகியது. "இன்னும் கொஞ்சம்." இன்னொரு விரல். "பாட்டி, ரெண்டு கண்ணும் தெரியணும்." நன்னிக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரு கண்ணால் எழுபது வருஷம் ஊரையே பார்த்தவர். சர்க்காருக்கு மட்டும் என்ன இரண்டு?

அட்டை வந்தபோது ஒரே சிரிப்பு. அதிலிருந்த படம் நன்னி மாதிரியும் இல்லை, பெண் மாதிரியும் இல்லை. பெயருக்கு நேரே ஆண் என்று இருந்தது. முகத்தைத் திறந்து காட்டியதற்குப் பலன் இது. அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலர் அட்டையையும் பார்த்தார், துப்பட்டியையும் பார்த்தார், பிறகு எங்கள் ஊர் ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்ட் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டு, "ஆமா சார், அவங்கதான்" என்றார். நன்னி ஓட்டுப் போட்டார். இந்த முகப்பட விவகாரம் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. படம் கட்டாயம் என்று தீர்ப்பானது. 2022 பிப்ரவரியில் மதுரை மாவட்டம் மேலூரில், நகராட்சித் தேர்தலின்போது ஒரு கட்சி ஏஜெண்ட், ஓட்டுப் போட வந்த பெண்ணின் ஹிஜாபைக் கழற்றச் சொல்லி ரகளை செய்தார். அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண் ஓட்டுப் போட்டார். தமிழ்நாட்டில் இன்னும் கொஞ்சம் மழை பெய்கிறதென்றால் இந்த மாதிரி அதிகாரிகளால்தான்.

நன்னி போய்ச் சேர்ந்து வருஷம் பலவாகிவிட்டது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்காத காட்சிகள் பிறகுதான் வந்தன. முதலில் ஸ்கூட்டி. திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் மத்தியான வெயிலில் சிக்னலில் நின்று பாருங்கள். எல்லாச் சாதி, எல்லா மதப் பெண்களும் தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் இறுக்கிச் சுற்றி, கண் மட்டும் தெரிய, முழங்கை வரை உறை போட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். தூசி, வெயில், கறுத்துவிடுவோமோ என்கிற பயம். சிலருக்கு, பின்னால் உட்கார்ந்திருக்கிற பையனை அப்பாவின் நண்பர் யாராவது பார்த்துவிடுவாரோ என்கிற பயம். நன்னியின் டூரிங் டாக்கீஸ் தொழில்நுட்பம் அப்படியே! யாரும் இதைப் பெண்ணடிமை என்று எழுதவில்லை, கலாச்சாரம் என்றும் எழுதவில்லை. சன் ஸ்க்ரீன் விளம்பரம் மட்டும் வந்தது.

அப்புறம் 2020. கொரோனாவுக்குப் பயந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டது. மூடாதவருக்குத் தமிழ்நாட்டில் 200 ரூபாய் அபராதம், பிறகு 500. பிரான்சில் நடந்தது இன்னும் அழகு. பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம் என்று 2011 முதல் சட்டம். கொரோனா வந்ததும் மூடாவிட்டால் 135 யூரோ. முதல் சட்டத்தையும் அவர்கள் எடுக்கவில்லை. எந்தத் துணியால் எதற்காக மூடியிருக்கிறாய் என்று போலீஸ்காரர் மனதைப் படித்து அபராதம் போட வேண்டியிருந்தது. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடத் தடை வந்தது. குண்டு வைத்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரவில்லை. முதுகுப் பையோடு சாதாரணமாக நடந்து வந்தார்கள். கிழக்கு மாகாணத்துச் சாச்சிமார், சந்தைக்குப் போகவே அஞ்சி வீட்டில் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அதே நாட்டில் மாஸ்க் போடாவிட்டால் பிடித்தார்கள்.

2022-ன் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஹிஜாப் போட்ட பிள்ளைகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். அது முகத்தை மூடுகிற துணிகூட இல்லை, தலையை மூடுகிறது. அந்தப் படங்களில் வாசலில் நின்ற ஆசிரியைகளும் மாணவிகளும் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடியிருந்தார்கள். முகத்தை மூடியவர், முகத்தை மூடியவரிடம், தலையைத் திறக்கச் சொன்னார். மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடை சரி என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இரண்டுக்கும் நடுவில், செப்டம்பரில், தெஹ்ரானில் முக்காட்டைச் சரியாகப் போடவில்லை என்று பிடித்துப்போகப்பட்ட மஹ்சா அமினி என்கிற 22 வயதுப் பெண் செத்துப்போனாள். அதே ஈரானில் 1936-ல் ரெசா ஷா, முக்காட்டை எடு என்று போலீஸை விட்டுப் பிடுங்க வைத்தார். அப்போது வெளியே வரப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட கிழவிகளின் கொள்ளுப் பேத்திகள்தான் 2022-ல் அதைக் கழற்றித் தெருவில் எரித்தார்கள். எடு என்றவரும் ஆண், போடு என்றவரும் ஆண், இரண்டுக்கும் லத்தி ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் பெரிய நியாயவாதி போலப் பேசுகிறேன். என் வீட்டுக் கதை வேறு. என் மகள் பர்தா போட்டாலும் முகத்தை மூடியதில்லை. அவள் மகள், திருச்சியில் பொறியியல் படிக்கிறவள், போன வருஷம் தானாகவே நிகாப் போட ஆரம்பித்தாள். என் மகள் அழுதாள். நான் ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன்.

"யாரும்மா உன்னப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல நன்னி."

"அப்ப எடுத்துடு. நல்ல மூஞ்சி, நாலு பேர் பாக்கட்டும்."

"உங்க நன்னி காலத்துல பெரியவங்க சொன்னாங்கன்னு போட்டாங்க. இப்ப பெரியவங்க சொல்றீங்கன்னு நான் எடுக்கணுமா? நான் எப்பத்தான் நன்னி முடிவு பண்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. வராததால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அவளுடைய தோழிகள் வட்டம், அவள் போனில் கேட்கிற பயான்கள், கர்நாடகச் செய்தி பார்த்து அவளுக்கு வந்த கோபம், இத்தனையும் சேர்ந்துதான் அந்த "தானாகவே". என்னைக் கேட்டால், ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கும்போது ஒருத்தியின் முகம் மட்டும் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாடம் நடத்துகிறவருக்கு அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவள் துணியில் நான் கை வைக்கப் போவதில்லை. அவளோ அந்த நிகாப்போடு ஸ்கூட்டியில் போகிறாள், கல்லூரி ரோபோ போட்டியில் குழுவுக்குத் தலைமை தாங்குகிறாள், ஆதாருக்கு முகத்தைக் காட்டுகிறாள், விமான நிலையத்தில் காட்டுகிறாள். எங்கள் நன்னியைவிட ஆயிரம் பேரிடம் கூடுதலாகப் பேசுகிறாள். என் மகள், முகத்தைத் திறந்து வைத்திருக்கிறவள், ரேஷன் கடைக்குப் போவதற்கும் என் மருமகனுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள்.

எங்கள் ஊரில் இப்போதும் இது பற்றிக் கூட்டங்கள் நடக்கின்றன. போன ரபீயுல் அவ்வலில் மூன்று நாள் பயான். தலைப்பு, பெண்ணின் கண்ணியம். அதற்கு முந்தைய மாதம் இன்னொரு கட்சிக்காரர்கள் பேருந்து நிலையத்தருகே கூட்டம் போட்டார்கள். தலைப்பு, பெண்ணின் விடுதலை. இரண்டிலும் மைக் பிடித்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஜமாஅத்தில் பெண்களுக்கு இடமில்லை என்றுதான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஜமாஅத்தே தொடங்கினார். அங்கே வந்து பெண்கள் கொட்டிய வழக்குகள் தலாக், வரதட்சணை, அடி, சொத்து. எங்கள் ஊர்க் கூட்டங்களில் இவை தலைப்பாக வந்து நான் பார்த்ததில்லை.

பேருந்து நிலையம் என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கறுப்பு, கலர், நிகாப், வெறும் முக்காடு, முக்காடே இல்லாத பக்கத்துக் கிராமத்து அம்மாக்கள், எல்லோரும். யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பெண்கள் கழிப்பறை கட்டித் திறப்பு விழா நடத்தி, கல்வெட்டும் வைத்து, அன்று போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. துணியைப் பற்றி அடுத்த கூட்டம் போடப்போகிறவர்கள், எந்தத் தரப்பாக இருந்தாலும் சரி, அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துச் சொல்லுங்கள்.